பிடாரி அம்மனிடம் இரண்டு கேள்விகள்

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். இடுப்பில் வெள்ளி அரைஞாண், உடம்பில் வேறு எதுவும் இல்லை. பிடாரி அம்மன் கோயில் வாசலில் விரித்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை எச்சிலில் ஊற வைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் வாழையிலைக் கிழிசலில் மடித்த இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம். எதில் எது இருக்கிறது என்று அம்மனுக்கும் பூசாரிக்கும் மட்டும்தான் தெரியும். பூசாரிக்கும் தெரியக் கூடாது என்று என் மாணவர்கள் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பொட்டலங்களை இடம் மாற்றி வைத்திருந்தார்கள். ஆகவே அம்மனுக்கு மட்டும்தான் தெரியும்.

குழந்தைக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஆரோக்கியசாமி, கழுத்தில் விசிலோடு, கோயில் எல்லைக் கல்லுக்கு ஓர் அடி வெளியே நின்றிருந்தார். கிறிஸ்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர். “நான் அங்கிட்டே நிக்கிறேன் டீச்சர். ஆனா மனசு இங்கிட்டுதான் இருக்கு” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நான் கணக்கு டீச்சர். பொதுத்தேர்வு முடிவு வருகிற காலையில்கூட எனக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. அந்தக் குழந்தை எந்தப் பொட்டலத்தை எடுக்கிறது என்பதில்தான் என் மாணவி அபிநயா திருச்சிக்குப் போய்ப் படிப்பாளா மாட்டாளா என்பது இருந்தது.

கம்ப்யூட்டர் வகுப்பு எப்படிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். எனக்கோ வரிசையாகச் சொல்ல வராது.

மிதிவண்டிகளுக்குப் பின்னால்

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் சத்துணவு முட்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘உங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமே நடக்காதா?’ என்று கேட்டிருந்தார். நடந்தது அம்மா. இது அதைப் பற்றித்தான்.

கீரனூரில் இறங்கி மினி பஸ் பிடித்தால், பஸ்ஸுக்கு மனமிருந்தால், எங்கள் ஊருக்கு வரலாம். ஒரு வருடம் சுற்றறிக்கை ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் ‘ஆய்வுத் திறனும் நிரலாக்க அறிமுகமும்’ நடத்த வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அதை வாசித்தபோது எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் மட்டும் கவனமில்லாமல் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டேன். வகுப்பு என் தலையில் விழுந்தது.

கம்ப்யூட்டர்கள் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை இருந்த அறையில்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய விலையில்லா மிதிவண்டிகளையும் அடுக்கியிருந்தார்கள். அவற்றை ஒரு பெரிய மனிதர் வந்து தன் கையால் கொடுக்க வேண்டும். பெரிய மனிதருக்குத் தேதி ஒழியவில்லை. அவர் வரும்வரை ஒரு சக்கரத்தைக்கூட அசைக்கக் கூடாது என்பது உத்தரவு.

முதல் வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டரைக் காட்டினேன். ஹேண்டில்பார் காட்டுக்கு அப்பால், வெகு தூரத்தில், பிளாஸ்டிக் உறை போர்த்திய ஒரு மானிட்டரின் நெற்றி தெரிந்தது. எட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன்.

“கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார் நடத்துறது?”

“ஏன், முடியாதா? நான் மீமிசல் போயி கடலப் பாக்குறதுக்கு முன்னாடியே பத்து வருஷம் கடலப் பத்திப் பாடம் நடத்துனவன். போங்க டீச்சர்.”

போனேன்.

ஆரோக்கியசாமி சார் என்கிற கணினி

அந்த இரண்டு பீரியடும் அதுவரை விளையாட்டுப் பீரியடாக இருந்தவை. தன் பீரியடைப் பறித்துவிட்டார்களே என்று ஆரோக்கியசாமி சார் சண்டை போட வந்தார். வந்தவரை நான் கம்ப்யூட்டராக்கிவிட்டேன்.

விதி எளிது. பிள்ளைகள் சொல்வதை மட்டும்தான் செய்ய வேண்டும். சொந்த புத்தியை உபயோகிக்கவே கூடாது.

“அது நமக்குப் பழக்கந்தானே டீச்சர்? எச்.எம். சொல்றத அப்படித்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

முதல் பயிற்சி, சாரைத் தண்ணீர் குடிக்க வைப்பது. “தண்ணி குடிங்க சார்” என்றார்கள். சார் கல்லாக நின்றார். “அது பெரிய வேலை. சின்னச் சின்னதா ஒடச்சுக் குடுங்க” என்றேன். டம்ளரை எடுங்க, மேலே தூக்குங்க, வாய்கிட்டே கொண்டு போங்க, சாய்ங்க என்று நான்கு கட்டளை வந்தது. வாயைத் திற என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் முழுவதும் சட்டையில் இறங்கியது. மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அடுத்த வாரம் ஒரு துண்டோடு வந்தார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை, “நேரே நடங்க. எதுனாச்சும் மறிச்சா இடது பக்கம் திரும்பி மறுபடி நடங்க” என்று ஒரு நிரல் எழுதினார்கள். எழுதி ஓட விட்ட நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முட்டைப் பிரச்சினை. நான் திரும்பி வந்தபோது வகுப்பில் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் ஊராட்சி அலுவலக மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

சார் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஊராட்சி அலுவலகத்தின் திறந்திருந்த கேட் வழியாக உள்ளே போயிருக்கிறார். எதிர் மதில் மறித்திருக்கிறது. இடது பக்கம் திரும்பியிருக்கிறார். அடுத்த மதில், மறுபடி இடது. அப்புறம் வெளியே வர வழி ஏது? மதிலோரமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். அலுவலகத்தில் வேலையாக வந்தவர்கள் ஒதுங்கி நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாருக்கு என்ன வேண்டுதல் டீச்சர்?” என்று ஒரு அம்மா என் காதில் கேட்டாள். அவள் பக்கத்தில் நின்றவர் தலையை ஆட்டினார். “வேண்டுதலா? இடப்பக்கமாச் சுத்துறாரே. இது வேற என்னமோ.”

“நில்லுங்க சார்!” என்று கத்தினேன். நின்றார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “எப்ப நிறுத்தணும்னு சொல்லாமலே விட்டுட்டாங்க டீச்சர்” என்றார். கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதாமல் என் பிள்ளைகள் ஒரு நிரலும் எழுதியதில்லை. கம்ப்யூட்டர் அறை திறந்து கிடந்திருந்தால் இந்தப் பாடம் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

யார் சொன்னது?

ஆய்வுத் திறன் இன்னும் ஆபத்தான பாடமாக இருந்தது. கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதிப் போட்டேன். யார் சொன்னது? அவர் நேரில் பார்த்தாரா? வேறு விதமாகவும் இருக்கலாமா?

இதை வகுப்போடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்யாணத்துக்குப் போய் வந்து, “சாப்பாடு சரியில்ல” என்று சொன்ன அம்மாவிடம், “ஒங்களுக்கு மட்டும் சரியில்லையா, வேற யாரையும் கேட்டீங்களா?” என்று ஒருவன் விசாரித்து முதுகில் வாங்கிக்கொண்டு வந்தான்.

ஒருநாள் ஓர் அப்பா, கையில் மஞ்சள் பையோடு, நேரே வகுப்புக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் தான்தான் முதல் மார்க் என்று மகளிடம் காலம் காலமாகச் சொல்லி வந்திருக்கிறார். மகள் ஆதாரம் கேட்டிருக்கிறாள். ராத்திரியெல்லாம் பரணைக் குடைந்து மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து, எல்லார் முன்னாலும் பையிலிருந்து வெளியே உருவினார். உருவிய பிறகுதான் அவரே அதைப் படித்தார். மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, “நல்லா நடத்துறீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் மதியம் தூங்குகிறாரா இல்லையா என்று ஒரு குழு ஆய்வு தொடங்கியது. முறை: நேரடி உற்றுநோக்கல். அதை நானே நிறுத்தினேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

‘அண்ட்’ என்ற நிபந்தனையை நடத்தியதும் இந்தச் சமயத்தில்தான். சோறு, குழம்பு இரண்டும் இருந்தால்தான் ஆரோக்கியசாமி சார் சாப்பிடுவார், இது நிபந்தனை. சோறு மட்டும் இருந்தால்? சாப்பிட மாட்டார். குழம்பு மட்டும்? மாட்டார். “சரி, இன்னைக்கு சார் சாப்பிடல. எது இல்ல?” என்று கேட்டேன்.

எல்லாரும் யோசித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அபிநயா எழுந்தாள். “சொல்ல முடியாது டீச்சர். ஒண்ணு இல்லாம இருக்கலாம். ரெண்டுமே இல்லாமலும் இருக்கலாம். தனித்தனியாப் பாத்தாத்தான் தெரியும்.”

சார் முகத்தில் நிஜமாகவே பசி தெரிந்தது.

அபிநயா

வழக்கமாக இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாத பெண். ஆனால் மற்றவர்கள் எழுதும் நிரலில் எங்கே கோளாறு என்று அவளைப் போல ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. பார்த்துக்கொண்டே இருப்பாள், விரலை ஒரு வரியில் வைப்பாள், உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய அப்பா ரெங்கசாமி மஸ்கட்டில் கொத்தனாராக இருந்தவர். அவர் அங்கே இருக்கும்போது இங்கே மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். வந்தவர் திரும்பிப் போகவில்லை. தோட்டத்தில் கடலை பயிரிட்டுக்கொண்டு மகளோடு இருந்துவிட்டார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். தினமும் காலையில் அவர்தான் அவளுக்கு இரட்டைச் சடை பின்னி அனுப்புவார். கொத்தனார் கை அல்லவா, கட்டுக்கம்பி முறுக்குகிற மாதிரிப் பின்னியிருப்பார். சாயங்காலம்வரை ஒரு முடி அவிழாது.

அந்தப் பெண் ஒரு நுழைவுத்தேர்வு எழுதி, திருச்சியில் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் இடம் வாங்கிவிட்டாள். படிப்பு, சாப்பாடு, தங்குவது எல்லாம் இலவசம். அடுத்த திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். சேதி வந்த அன்று நான் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். தலைமையாசிரியர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் அவள் முகம் வீங்கியிருந்தது.

“அப்பா பூக்கட்டிப் பாத்தாங்க டீச்சர். செகப்பு வந்துருச்சு. சாமி வேணாம்னுருச்சு.”

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவும் பூக்கட்டிப் பார்க்காமல் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அப்புறம் அப்பீல் கிடையாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டஸ்டரைத் தூக்கி மேஜையில் அடித்தேன். சுண்ணாம்புத் தூள் பறந்தது.  தூள் அடங்குவதற்குள் முன் பெஞ்ச் நிவேதா கையைத் தூக்கினாள். வாயாடி.

“டீச்சர், யார் சொன்னது?”

“சாமி சொன்னது” என்றான் ஒருவன்.

“சாமிகிட்டக் கேட்டது யாரு? என்னன்னு கேட்டாங்க? நேர்ல பாத்த ஆளு இருக்கா?”

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பூசாரியிடம் ஒரு நேர்காணல்

அன்று சாயங்காலமே மூன்று பேர் கொண்ட குழு கருப்பையா பூசாரியைச் சந்தித்தது. பதில்களை எழுதிக்கொள்ள அபிநயாவே போனாள். நானும் ஆரோக்கியசாமி சாரும் பின்னால் நின்றோம். பூசாரி கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டே பேட்டி கொடுத்தார்.

“ரெங்கசாமியா? ஆமா, வந்தான். நேத்துக் கொடும்பாளூர்ல எங்க மச்சான் வீட்டுக் காதுகுத்து. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவன் ரெண்டு காரியம் கேக்கணும்னான். ரெண்டு தடவ கட்ட நேரமில்லப்பா, ஒண்ணாச் சேத்துக் கேளுன்னேன். கேட்டான்.”

“என்னன்னு கேட்டாங்க தாத்தா?” என்றாள் நிவேதா.

“தோட்டத்துல தண்ணிக்குப் போர் போட்டு, பொண்ணையும் திருச்சிக்கு அனுப்பலாமா ஆத்தான்னு கேட்டான். செகப்பு வந்துச்சு. நான் பஸ் ஏறிட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த அபிநயாவின் பேனா நின்றது.  நிவேதாதான் வரப்பில் குதித்தாள்.

“டீச்சர்! அது அண்ட் டீச்சர்! போர் வேணாம்னு சொல்லிருக்கலாம். அபி மேல ஒண்ணுமே இல்லாம இருக்கலாம்!”

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள், நாளுக்கு நாள் மாறும். ஒரு பெண் படிப்பதைப் பொட்டலம் கட்டி முடிவு செய்யலாமா என்று நான் ரெங்கசாமியிடம் சண்டைக்குப் போயிருந்தால் அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, அதே முடிவில் இருந்திருப்பார். அவர் ஒத்துக்கொண்ட விளையாட்டிலேயே ஓட்டை கிடைத்திருக்கிறது. விடுவேனா?

“ஒரு தடவ கேட்டத மறுபடி கேக்கலாமாய்யா?” என்று பூசாரியைக் கேட்டேன்.

அவர் களைக்கொட்டைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார். “கேட்டதையே கேட்டாக் குத்தம். ஆனா ஒண்ணாக் கேட்டது வேற, தனித்தனியாக் கேக்குறது வேற. கேக்கலாம் டீச்சரம்மா. தப்பில்ல.”

சுப்ரீம் கோர்ட்டில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேவையான பொருள்கள்

ரெங்கசாமியிடம் ஆரோக்கியசாமி சார்தான் பேசினார். சோறு, குழம்பு, தான் சாப்பிடாதது எல்லாவற்றையும் சொல்லி விளக்கினார். ரெங்கசாமி ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, “சார் இன்னும் சாப்பிடலையா?” என்று உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சார் சாப்பிட்டுக்கொண்டே இரண்டாம் முறை விளக்கினார்.

“பூசாரியண்ணே சரின்னாரா?” என்று மட்டும் ரெங்கசாமி கேட்டார். சரி என்றார் என்றோம். “அப்பச் சரி” என்றார். மகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பிள்ளைகள் பழைய முறையில் ஒரு குறையும் கண்டுபிடித்திருந்தார்கள். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செம்பருத்தி. செம்பருத்திப் பொட்டலம் பெரிதாக இருக்கும், குழந்தை பெரியதைத்தான் எடுக்கும். பூசாரி இதைக் கேட்டு அசந்துபோய்விட்டார். “அதான் இந்த ஊர்ல ஒரு காரியமும் நடக்க மாட்டேங்குதா!” என்றார். பூவுக்குப் பதில் ஒரே எடையில் திருநீறும் குங்குமமும் வைப்பது என்று முடிவாயிற்று. திருநீறு வந்தால் சரி, குங்குமம் வந்தால் வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் ‘களப்பயணம்’ என்று அனுமதி கேட்டேன். கோயில் என்றதும் பேனாவை மூடினார். “அம்மன் விஷயம் டீச்சர். நாளைக்கு யாராவது பிரச்சினை பண்ணுனா?” என்றார். அபிநயா விஷயம் என்றதும் மறுபடி திறந்தார். மைசூர்பாகு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“தேவையான பொருள்கள்னு ஒரு வரி இருக்கு. என்ன போட?”

“திருநீறு, குங்குமம், வாழையிலை. குழந்தை ஒண்ணு” என்றேன்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் கேள்வி

குழந்தை பூசாரியின் மகள் வயிற்றுப் பேரன். பிஸ்கட் முடிந்தது. ரெங்கசாமி குளித்து, சலவை வேட்டி கட்டி, அம்மனுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அபிநயா பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

“எதை மொதல்ல கேக்குற?” என்றார் பூசாரி.

“போரக் கேட்டுருவோம்ணே.”

கேட்டார். குழந்தை இரண்டு பொட்டலங்களையும் பார்த்தது, ஆரோக்கியசாமி சாரின் விசிலைப் பார்த்தது, ஒரு பொட்டலத்தைத் தட்டி எடுத்தது. பூசாரி பிரித்தார். திருநீறு.

“போடு!” என்றார் பூசாரி. ரெங்கசாமி முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். கோயிலுக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்த நாலைந்து பேர் குலவை போட்டார்கள். (பின்னால் அந்தப் போரில் வெறும் புழுதிதான் வந்தது. அது வேறு விஷயம்.)

என் வகுப்பு மட்டும் சிரிக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை. நிவேதாவின் வாய் திறந்தபடி இருந்தது.

எனக்கு அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டும் சேர்ந்து வேண்டாம் என்று முன்பே வந்தாயிற்று. இப்போது ஒன்று சரி என்று வந்துவிட்டது. அப்படியானால் வேண்டாம் என்றது எதை? இன்னும் கேட்கவே வேண்டியதில்லை. விடை வந்துவிட்டது. கோயில் வாசலில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. நான் கரும்பலகையில் கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அபிநயாவைப் பார்த்தேன். அவளுக்கு எங்கள் எல்லாருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும். முன்னால் கிடந்த சாக்கின் ஒரு நூலை உருவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பாடம் நன்றாகப் புரிந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான். சாமி மேல் கோபம் வந்தது, கணக்கின் மேலும் கோபம் வந்தது.

“டீச்சர்,” என்று சார் எல்லைக் கல்லுக்கு அங்கிட்டிருந்து கிசுகிசுத்தார், “அப்ப சோறு இருக்கு, கொழம்புதான் இல்லையா?”

“சும்மா இருங்க சார்.”

இரண்டாவது கேள்வி

பூசாரி புதிதாக இரண்டு பொட்டலம் மடித்தார். திரும்பி நின்றார். நிவேதா போய் இடம் மாற்றி வைத்தாள். 

“பொண்ணத் திருச்சிக்கு அனுப்பலாமா ஆத்தா?” என்றார் ரெங்கசாமி. போரைக் கேட்டபோது கணீரென்று இருந்த குரல் இப்போது பாதிக்குமேல் வெளியே வரவில்லை.

குழந்தை உடனே கை நீட்டியது. வலது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்தது. கூட்டம் மூச்சை விடுவதற்குள் இடது கையால் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டது.

“ஒண்ணுதாண்டா தங்கம், ஒண்ணுதான்” என்று பூசாரி குனிந்தார். குழந்தை இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டது. அவர் ஒன்றைப் பிடித்து இழுக்க, அது வீரிட, இலை கிழிந்து இரண்டு பொட்டலமும் ஒரே நேரத்தில் உடைந்தது. குழந்தையின் மூக்கு, வாய், வயிறு எல்லாம் வெள்ளையும் சிவப்பும். ஒரு தும்மல் போட்டது. மீதி பூசாரியின் மேல் வந்தது.

“எங்கப்பா காலத்துலகூட இப்புடி நடந்ததில்ல” என்றார் பூசாரி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“எர்ரர் டீச்சர்” என்றான் ஒருவன் பின்னாலிருந்து, மெதுவாக.

பூசாரி என்னைப் பார்த்தார். “இதுக்கு என்ன அர்த்தம் டீச்சரம்மா? ஒங்க பாடத்துல என்ன சொல்லிருக்கு?”

“எங்க பாடத்துல இதுக்கு ஒண்ணும் இல்லங்க.”

அவர் அம்மனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரெங்கசாமி, ஆத்தா ரெண்டையும் ஒங்கிட்டயே குடுத்துட்டா. இனிமே ஒம் பாடு.”

ரெங்கசாமி அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அது சலவை வேட்டியெல்லாம் குங்குமம் ஆக்கியது. அவர் மகள் பக்கம் திரும்பினார். பூசாரியைக் கேட்டோம், ரெங்கசாமியைக் கேட்டோம், தலைமையாசிரியரைக் கேட்டோம். அவளை ஒருவரும் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“ஏத்தா, ஒனக்குப் போகணுமா?”

அபிநயா எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரியே நின்றாள்.

“போகணும்ப்பா.”

“ஒத்தையில இருந்துருவியா?”

“இருந்துருவேன்.” சடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இருந்துருவீங்களாப்பா?”

ரெங்கசாமி தோள் துண்டை எடுத்து, குழந்தையின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நெற்றி, கன்னம், மூக்கு, காது மடல் என்று துடைத்துக்கொண்டே இருந்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. ஆரோக்கியசாமி சார் எப்போதோ எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார். அது அவருக்கே தெரிந்திருக்காது.

“மாட்டேன்த்தா” என்றார் ரெங்கசாமி. “நீ போ.”